வெள்ளைப் பந்து எங்கே போய் நிக்கும்?

நம்ம எல்லாருக்கும் ரெண்டு ஆட்டம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். ஒண்ணு கேரம், இன்னொண்ணு கோலி.

கேரம்ல ஸ்ட்ரைக்கரைச் சுண்டினா அது காயைத் தள்ளிட்டு எங்கே வேணா போய் நிக்கலாம். குழிக்குள்ள விழாத வரைக்கும் அதைப் பத்தி யாருக்கும் கவலை கிடையாது. அடுத்த அடிக்கு அதைக் கையில எடுத்து, நம்ம பக்கத்துக் கோட்டுல பிடிச்ச இடத்துல வச்சுக்கலாம். கோலி அப்படி இல்லை. அடிச்ச கோலி உருண்டு போய் எங்கே நிக்குதோ, அடுத்த அடி அங்கிருந்துதான். நல்ல இடத்துல நின்னா யோகம். சாக்கடை ஓரத்துல நின்னா தலையெழுத்து.

பூல் மேஜையைப் பார்த்தா கேரம் போர்டுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். குழி இருக்கு, ஓரத்துல அடிச்சுத் திரும்புது, காயைப் போட்டா மறுபடி நம்ம சான்ஸ். அதனால நம்ம ஊர்ல முதல் தடவை ஆடுறவங்க எல்லாரும் அதைக் கேரமாவே நினைச்சு ஆடுவாங்க. எந்தப் பந்து குழிக்குப் பக்கத்துல இருக்குன்னு பார்ப்பாங்க, போடுவாங்க, அப்புறம் வெள்ளை எங்கே நிக்குதுன்னு தேடுவாங்க. ஆனா பூல் உருவத்துலதான் கேரம், குணத்துல கோலி. பந்தைப் போடுறது பாதி வேலை. போட்ட பிறகு வெள்ளை எங்கே நிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்றது மீதி வேலை. நல்லா ஆடுறவங்களைக் கேட்டா, ரெண்டாவதுதான் முக்கால்வாசின்னு சொல்வாங்க.

இந்த ரெண்டாவது வேலை ஆட்டத்தோட கூடப் பிறந்தது இல்லைங்க. அது கொஞ்சம் கொஞ்சமா, ஒரு சிறைக்கைதி, ஒரு மோசடிப் பொடி வியாபாரி, ஒரு கணித மேதை, ஒரு பூல் சாம்பியன்னு பல பேர் கையால வளர்ந்தது. வளர்ந்து முழுசா ஆனப்போ, தன்னை வளர்த்த ஆட்டத்தையே ரெண்டு தடவை படுக்க வச்சது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்துடுங்க :-)

தள்ளுகட்டைக் காலம்

பில்லியர்ட்ஸ் முதல்ல புல்தரையில ஆடின ஆட்டம். 15ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவில அதை வீட்டுக்குள்ள மேஜை மேல ஏத்தினாங்க. பிரான்ஸ் ராஜா பதினொன்றாம் லூயிகிட்ட அப்படி ஒரு மேஜை இருந்ததாச் சொல்றாங்க. இன்னிக்கும் மேஜைத் துணி பச்சையா இருக்கிறது அந்தப் புல்லோட ஞாபகம்தான்.

அப்போ பந்தைக் குத்த மாட்டாங்க, தள்ளுவாங்க. நீளமான கைப்பிடி, நுனியில பட்டையான ஒரு கட்டை. பந்து ஓரத்துச் சட்டத்தை ஒட்டி நின்னா கட்டை உள்ளே போகாது. அதனால தள்ளுகட்டையைத் திருப்பி, மெல்லிசா இருக்கிற பின்பக்கத்தால குத்துவாங்க. பிரெஞ்சுல வாலுக்கு 'க்யூ'ன்னு பேர். அந்த வால்தான் இன்னிக்கு நாம கையில பிடிக்கிற கியூ. சங்கடத்துக்குப் பயன்படுத்தின வால், கடைசியில தலையையே தூக்கிப் போட்டுட்டுத் தானே தலையா ஆயிடுச்சு.

ஆனா வெறும் மரநுனியால பந்தோட நடுவில மட்டும்தான் குத்த முடியும். கொஞ்சம் மேலேயோ பக்கத்துலயோ பட்டா வழுக்கிடும். அதாவது, வெள்ளை எங்கே போகணும்னு சொல்ற உரிமை ஆடுறவன்கிட்ட கிடையாது. அவன் சொல்ல முடிஞ்சது ரெண்டே விஷயம். எந்தத் திசை, எவ்வளவு வேகம். மீதி பகவான் விட்ட வழி.

கைதியும் ஒரு துண்டுத் தோலும்

இதை மாத்தினவர் பிரான்சுவா மேங்கோ. பிரெஞ்சுக் காலாட்படையில கேப்டனா இருந்தவர். அரசியல் காரணத்துக்காக ஜெயில்ல போட்டாங்களாம். உள்ளே ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை. வேற வேலை? ஆடிக்கிட்டே இருந்தவருக்கு, கியூ நுனியில ஒரு துண்டுத் தோலை ஒட்டினா என்னன்னு தோணியிருக்கு. 1807ஐ ஒட்டி நடந்த விஷயம்னு எழுதுறாங்க. விடுதலை ஆகிற நாள் வந்தப்போ, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பழகிட்டுப் போறேன்னு கேட்டார்னு ஒரு கதை உண்டு. நிஜமோ இல்லையோ, கேரம் போர்டு விட்டு எழுந்திரிக்காம அம்மாகிட்ட அடி வாங்கினவங்க நம்புவாங்க.

தோல் நுனி பந்தைக் கவ்வும். மையத்துக்குக் கீழே குத்தினா பந்து முன்னாடி போய்க்கிட்டே பின்பக்கமாச் சுத்தும். இன்னொரு பந்து மேல மோதின உடனே நின்னு, யோசிச்சு, திரும்பி வரும். மேலே குத்தினா மோதிட்டும் பின்னாலயே தொடர்ந்து போகும். வெளியே வந்த மேங்கோ இதைக் காட்டினப்போ, பார்த்தவங்க வெள்ளைப் பந்துக்குள்ள பேய் இருக்குன்னு நினைச்சாங்களாம். 1827ல அவரே இந்த அடிகளைப் படம் போட்டு ஒரு புத்தகமா வெளியிட்டார்.

அதுவரைக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரே ஒரு அடிதான் இருந்தது. இப்போ அதே பந்தை அதே குழியில நாலு விதமாப் போடலாம், நாலு தடவையும் வெள்ளை நாலு இடத்துல நிக்கும். எந்த அடியைத் தேர்ந்தெடுக்கிறதுங்கிற கேள்வியே அந்தத் தோல் துண்டுக்கு அப்புறம்தான் பிறந்தது.

மந்திரப் பொடி

அதே காலத்துல இங்கிலாந்தில பாத் நகரத்துல ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துல ஜாக் கார்னு ஒருத்தர் மார்க்கரா வேலை பார்த்தார். மார்க்கர்னா புள்ளி கணக்குப் பார்த்துச் சொல்றவர். முதலாளி பார்ட்லி, பந்தோட பக்கவாட்டுல குத்தினா அது சுழன்று குஷன்ல பட்டு வேற கோணத்துல திரும்பும்னு கண்டுபிடிச்சு இவருக்குக் காட்டியிருக்கார். கார் அதைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கைவசம் பண்ணிட்டார்.

எப்படிப்பா இப்படிச் சுத்துதுன்னு கேட்டவங்களுக்கு அவர் உண்மையைச் சொல்லலை. 'சுழல் பொடி'ன்னு ஒண்ணைச் சின்ன மருந்து டப்பியில போட்டு அரை கிரவுனுக்கு வித்தார். கியூ நுனியில தடவினா பந்து சுத்தும்னு வியாபாரம். உள்ளே இருந்தது சாதாரண சாக்குப் பொடி! லேகியம் விக்கிறவங்க எல்லா ஊர்லயும் இருந்திருக்காங்க. வேடிக்கை என்னன்னா, இந்த லேகியம் வேலை செஞ்சது. பொடி உராய்வைக் கூட்டும், நுனி வழுக்காது. பொய் சொல்லி உண்மையான மருந்தை வித்த ஒரே ஆள் இவராத்தான் இருக்கணும்.

பக்கவாட்டுச் சுழற்சி இங்கிலாந்தில இருந்து அமெரிக்காவுக்குப் போனதால அமெரிக்காக்காரங்க அதை 'இங்கிலீஷ்'னே கூப்பிடுறாங்க. இன்னொரு தகவல்: இன்னிக்கு நாம சாக்னு தேய்க்கிற நீலக் கட்டியில சாக்பீஸ் சமாச்சாரமே கிடையாது. 1897ல ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ்னு ரெண்டு அமெரிக்கர்கள் மணல் மாதிரிச் சரக்கை வச்சுச் செஞ்சு காப்புரிமை வாங்கினது அது.

புயலைச் சுத்த வச்சவர்

கார்த்திகை மாசம் வந்தா டிவியில வங்கக் கடல் புயல் படம் காட்டுறாங்களே, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாச் சுத்திக்கிட்டு. அந்தச் சுழற்சிக்குக் காரணமான கொரியாலிஸ் விளைவை பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அந்த கஸ்பார் குஸ்தாவ் கொரியாலிஸ் 1835ல இன்னொரு வேலையும் செஞ்சார். பில்லியர்ட்ஸ் ஆட்டத்தோட கணிதத்தை ஒரு முழுப் புத்தகமாவே எழுதினார்.

அதுல இருந்து ஆடுறவங்களுக்கு வேண்டிய சாரத்தை மட்டும் சொல்றேன், ஓடிப் போயிடாதீங்க.

வெள்ளைப் பந்து இன்னொரு பந்தை மோதுற நொடியில அது உருளாம, சுழலாம, வெறுமனே வழுக்கிக்கிட்டு வந்திருந்தா, மோதின பிறகு ரெண்டு பந்தும் ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரியில பிரியும். அடிபட்ட பந்து குழிக்குப் போகுற கோட்டுக்குச் செங்குத்தா வெள்ளை போகும். இது ஒரு விதி.

வெள்ளை இயல்பா உருண்டு வந்து மோதினா கதை வேற. முதல்ல அந்தச் செங்குத்துப் பாதையில கிளம்பி, உருள்ற வேகத்தால முன்பக்கமா வளைஞ்சு போகும். பந்தை எவ்வளவு தடிமனாப் பிடிக்கிறோம்கிறதைப் பொறுத்து இந்தத் திருப்பம் மாறும். சரியாப் பாதிப் பந்து பிடிச்சாத்தான் திருப்பம் அதிகபட்சம், சுமார் 34 டிகிரி. இதுல அழகு என்னன்னா, கால் பந்துல இருந்து முக்கால் பந்து வரைக்கும் எப்படிப் பிடிச்சாலும் திருப்பம் 30 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும். கொஞ்சம் தப்பாப் பிடிச்சாலும் வெள்ளை கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் போகும்!

நல்ல ஆட்டக்காரங்க ஏன் எப்பவும் கொஞ்சம் கோணம் இருக்கிற பந்தாத் தேடுறாங்கங்கிறதுக்குப் பதில் இங்கேதான் இருக்கு. நேர்க்கோட்டுப் பந்து போடச் சுலபம். ஆனா வெள்ளை முன்னாலயோ பின்னாலயோதான் போகும், பக்கவாட்டுல நகர முடியாது. கோணம் இருந்தா வெள்ளைக்கு ஊர் சுத்த வழி கிடைக்கும். அந்த வழியும் முன்கூட்டியே கணக்குப் போடக் கூடிய வழி.

மேஜை திருந்தின கதை

கணக்குச் சரியா இருந்தாலும் மேஜை கோணலா இருந்தா? இங்கேயும் அதே காலம்தான் வேலை செய்யுது. லண்டன்ல ஜான் தர்ஸ்டன்கிற மேஜைக்காரர் 1826 வாக்கில மரப்பலகைக்குப் பதிலா ஸ்லேட் கல்லைப் போட்டார். கல் வளையாது, உப்பாது. 1835ல ஓரத்துல ரப்பர் வச்சார். ஆனா அந்த ரப்பர் குளிர்ல கல்லாயிடும், ஆட்டத்துக்கு முன்னாடி சுடுதண்ணிப் பாத்திரம் வச்சுச் சூடாக்கணும். 1845ல வல்கனைஸ் பண்ணின ரப்பர் வந்த பிறகுதான் குஷன் எல்லா நாளும் ஒரே மாதிரித் திருப்பி அனுப்பிச்சது.

பந்து யானைத் தந்தம். எத்தனை யானைங்க இதுக்காகச் செத்துச்சுன்னு நினைச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. 1860கள்ல ஒரு அமெரிக்க மேஜைக் கம்பெனி தந்தத்துக்கு மாத்துக் கண்டுபிடிச்சா 10,000 டாலர்னு அறிவிச்சது. ஜான் வெஸ்லி ஹயாட் அதுக்காக முட்டி மோதி 1870ஐ ஒட்டி செல்லுலாய்டைக் கொண்டு வந்தார். பின்னாடி அதே செல்லுலாய்ட்தான் சினிமா ஃபிலிம் ஆச்சு. ஆக, நம்ம சினிமாப் பைத்தியத்துக்கும் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கு.

நடுவில ஊட்டி

இந்தக் கதையில நம்ம பக்கமும் ஒரு முக்கியமான ஊர் வருது. 1875ல ஜபல்பூர் ராணுவ முகாம்ல நெவில் சேம்பர்லின்கிற இளம் அதிகாரி பழைய பூல் ஆட்டங்களோட கலர் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் உண்டாக்கினார். பின்னாடி பிரதமரான சேம்பர்லின் இல்லை, இவர் வேற. ராணுவப் பயிற்சிப் பள்ளியில புதுசா வந்த பையன்களை 'ஸ்னூக்கர்'னு கேலி பண்ணுவாங்களாம். சுலபமான பந்தைத் தவற விட்ட ஒருத்தரைப் பார்த்து இவர் அப்படிச் சொல்லப் போக, அதுவே ஆட்டத்துக்குப் பேராச்சு. அப்புறம் சேம்பர்லின் உதகமண்டலம் வந்தார். 1882ல ஊட்டி கிளப்ல விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில மாட்டினாங்க.

நம்ம விஷயத்துக்கு இது ஏன் முக்கியம்னா, ஸ்னூக்கர்கிற சொல்லுக்கே ரெண்டாவதா ஒரு அர்த்தம் வந்தது. வெள்ளைக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் நடுவில வேற பந்து மறைச்சு நின்னா, அவன் 'ஸ்னூக்கர்' ஆயிட்டான். அதாவது, எனக்குப் போட வழி இல்லைன்னா, உனக்கும் இல்லாதபடி வெள்ளையைக் கொண்டு போய் ஒளிச்சு வைக்கிறேன். அதுவரைக்கும் வெள்ளையோட இடம் நமக்கு உதவுறதுக்கு. இங்கே அது எதிராளியைக் கட்டிப் போடுறதுக்கும் ஆயுதமாச்சு.

ஆனாலும் ஸ்னூக்கரைப் பெரிய ஆட்டக்காரங்க ரொம்ப நாள் பொழுதுபோக்காத்தான் நினைச்சாங்க. 1927ல ஜோ டேவிஸ் முதல் உலகப் போட்டியை ஜெயிச்சப்போ பரிசுப் பணம் ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். சிவப்பைப் போட்டா கறுப்புக்கு வாட்டமா நிக்கணும், கறுப்பைப் போட்டா அடுத்த சிவப்புக்கு வாட்டமா நிக்கணும்னு ஒரு சங்கிலியாக் கட்டி, ஸ்னூக்கரைக் கணக்கா ஆக்கினவர் அவர். 1946 வரைக்கும் 15 பட்டம். ஒருத்தர்கிட்டயும் உலகப் பட்டத்தைத் தோத்ததில்லை.

கியோ செஞ்ச சின்னத் திருத்தம்

இப்போ அமெரிக்கா. அங்கே ஆரம்பத்துல பந்து மேல எழுதியிருக்கிற எண்தான் புள்ளி. 1ல இருந்து 15 வரைக்கும் கூட்டினா 120. முதல்ல 61 எடுத்தவர் ஜெயிப்பார். 1888ல, எண் வேண்டாம், போட்ட பந்தை எண்ணினாப் போதும்னு மாத்தினாங்க. 15ம் முடிஞ்சா மறுபடி அடுக்கி, கடைசிப் பந்தைப் போட்டவர் உடைக்கணும்.

இதுல ஒரு கோளாறு. முழுசா அடுக்கின முக்கோணத்தை உடைச்சா எந்தப் பந்து எங்கே போகும்னு யாருக்குத் தெரியும்? உடைக்கிறவருக்கு நஷ்டம்தான் ஜாஸ்தி. அதனால பயந்து பயந்து ஓரமாத் தட்டுவாங்க. நல்ல ஆட்டக்காரர் 15 பந்து வரிசையாப் போட்ட பிறகு, தண்டனை மாதிரி அந்த உடைப்பு வந்து நிக்கும்.

1910ல ஜெரோம் கியோங்கிற சாம்பியன் ஒரு யோசனை சொன்னார். கடைசிப் பந்தைப் போடாதீங்க, அப்படியே விட்டுடுங்க. மத்த 14ஐ மட்டும் அடுக்குங்க. அந்த ஒத்தைப் பந்தைப் போடும்போதே வெள்ளை போய் முக்கோணத்தை மோதி உடைக்கட்டும். இதுதான் 14.1, இன்னொரு பேர் ஸ்ட்ரெய்ட் பூல்.

கேட்கச் சின்ன மாத்தம். ஆனா இது ஆடுறவன் மூளையையே திருப்பிப் போட்டுடுச்சு. எப்படின்னு பாருங்க. கடைசிப் பந்து முக்கோணத்துக்குப் பக்கத்துல வாட்டமா இருக்கணும். அது பிரேக் பால். அதைப் போட்டா வெள்ளை முக்கோணத்துல மோதுற மாதிரி ஒரு கோணத்துல வெள்ளை நிக்கணும். அந்தக் கோணத்துல நிக்கணும்னா, அதுக்கு முந்தின பந்து சரியான இடத்துல இருக்கணும். அது கீ பால். அந்தக் கீ பாலுக்கு வாட்டமா நிக்கணும்னா அதுக்கும் முந்தினது எது?

நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரிதான். முகூர்த்த தேதி முதல்ல குறிச்சிடுவோம். அதுல இருந்து பின்னாடி எண்ணி மண்டபம், பத்திரிகை, ஜவுளின்னு ஒவ்வொண்ணுக்கும் நாள் வைப்போம். முதல் வேலையில இருந்து ஆரம்பிச்சு எண்ணுறவன் கல்யாணத்தை நடத்த முடியாது. கியோவோட விதி, ஒவ்வொரு 14 பந்துக்கும் ஒரு முகூர்த்தம் குறிச்சுக் கொடுத்திடுச்சு.

526

அந்த முகூர்த்தக் கணக்குல மன்னன் வில்லி மோஸ்கோனி. 1913ல ஃபிலடெல்ஃபியாவில பிறந்தவர். அப்பா பூல் கூடம் வச்சிருந்தார், ஆனா பையன் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு பந்துகளைப் பூட்டி வச்சிடுவார். பையன் சமையலறையில இருந்து உருளைக்கிழங்கும் ஒரு துடைப்பக் கட்டையும் எடுத்துக்கிட்டுப் போய்ப் பழகினான்னு கதை. 1941ல இருந்து 1957க்குள்ள 15 தடவை உலக சாம்பியன்.

1954 மார்ச் 19, ஒஹையோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்ட்ல ஒரு காட்சி ஆட்டம். மோஸ்கோனி ஒரு பந்தும் தவற விடாம 526 பந்து போட்டார். 14ஆல வகுத்துப் பாருங்க, 37 முகூர்த்தத்துக்கு மேல. ஒண்ணுலகூட வெள்ளை தப்பான இடத்துல நின்னு அவரைக் கைவிடலை. அந்தச் சாதனை 65 வருஷம் நின்னது. 2019ல ஜான் ஷ்மிட் 626 போட்டுத் தாண்டினார். அவர் அதுக்காக மாசக் கணக்கா, வேற வேலை இல்லாம, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணினார். அப்புறம் அதையும் தாண்டிட்டாங்க.

மோஸ்கோனி ஆடின பழைய படங்களைப் பார்த்தா முதல்ல ஏமாற்றமா இருக்கும். ஒரு அடிகூடக் கஷ்டமா இருக்காது. எல்லாமே நீங்களும் நானும் போடக் கூடிய பந்து. மேஜையைச் சுத்தி நடப்பார், குனிவார், தட்டுவார், நடப்பார். வெள்ளை ஒரு அடி, ரெண்டு அடி நகரும், அவ்வளவுதான். அவர் கஷ்டமான பந்துகளைப் போடுறதில்லை. கஷ்டமான பந்து வராம பார்த்துக்கிறார்.

எந்த அடியைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு அந்தத் தலைமுறை ஆட்டத்துல இருந்து பொறுக்கி எடுத்தா, அஞ்சாறு விஷயம் தேறும்.

வெள்ளையைக் குறைவா நகர்த்து. ரெண்டு குஷன்ல அடிச்சு வர்ற வழியும் இருக்கு, நின்ன இடத்துலயே நிக்கிற வழியும் இருக்குன்னா, நிக்கிறதுதான் உத்தமம்.

ஒட்டிக்கிட்டுக் கிடக்கிற பந்துகளைச் சீக்கிரமே பிரி. கையில வேற சுலபமான பந்து மிச்சம் இருக்கும்போதே பிரி. கடைசியில பார்த்துக்கலாம்னு விட்டா, கடைசியில அது மட்டும்தான் இருக்கும்.

குழி வாசல்ல நிக்கிற பந்தை அவசரப்பட்டுப் போடாதே. அது ஆபத்துக்கு உதவுற சேமிப்பு. ஆனா வேற பந்துக்கு வழியை அடைச்சா உடனே போட்டுடு.

அடுத்த பந்துக்கு வாட்டமான இடம் புள்ளி இல்லை, ஒரு நீளமான பட்டை. அந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டிக்கிட்டு வராம, அதோட நீளவாட்டுல வெள்ளையை வரவிடு. குறுக்கே வந்தா வேகம் ஒரு துளி மாறினாலும் பட்டையைத் தாண்டிடும். நீளத்துல வந்தா எங்கே நின்னாலும் பரவாயில்லை.

எப்பவும் மூணு பந்து யோசி. இப்போ போடுறது, அடுத்தது, அதுக்கும் அடுத்தது. அடுத்ததுக்கு எந்தப் பக்கக் கோணம் வேணும்கிறதை முடிவு பண்றது மூணாவதுதான்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் பூல் ஆடுவோம். மேஜையோட இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு நீளமா ஒரு பந்தைப் போட்டா விசில் பறக்கும். ஒரே ஒருத்தருக்கு மட்டும் யாரும் கை தட்டினதே இல்லை. அக்கவுண்ட்ஸ்ல இருந்தவர், பேசவே மாட்டார். பக்கத்துல இருக்கிற பந்தாத் தட்டித் தட்டிப் போடுவார். "அவருக்கு எப்பவும் சுலபமான பந்தாவே மாட்டுதுடா"ன்னு பசங்க அலுத்துக்குவாங்க. வாரக் கடைசியில கணக்குப் பார்த்தா அதிகம் ஜெயிச்சிருக்கிறது அவர்தான். சுலபமான பந்து அவருக்கு மாட்டலை, அவர் செஞ்சு வச்சுக்கிட்டார். அதைப் பார்க்க எங்க யாருக்கும் கண் இல்லை.

முழுமை வந்தப்போ

இங்கதான் சிக்கல். ஆட்டம் உன்னதமாக உன்னதமாகப் பார்க்கிறவனுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ்ல வெள்ளை ரெண்டு பந்துகளையும் தொட்டா ரெண்டு புள்ளி. 1907ல டாம் ரீஸ்ங்கிறவர் லண்டன்ல ரெண்டு பந்தையும் மூலைக் குழி வாய்ல நகராதபடி சிக்க வச்சு, வெள்ளையால தட்டிக்கிட்டே இருந்தார். அஞ்சு வாரம்! 499,135 புள்ளி எடுத்தும் அவுட் ஆகலை. எதிராளி பாவம், அஞ்சு வாரமா நாற்காலியில. பார்க்க ஆள் இல்லாததால அதை அதிகாரபூர்வ சாதனையாவே ஏத்துக்கலை, அந்த அடியையும் தடை பண்ணினாங்க.

அடுத்து வந்தவர் ஆஸ்திரேலியாவோட வால்டர் லிண்ட்ரம். அவர் கையில ஏமாத்து வேலை ஒண்ணும் இல்லை, சுத்தமான கலை. மூணு பந்தையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள்ள வச்சுக்கிட்டு, குஷன் ஓரமா மெதுவா மேய்ச்சுக்கிட்டே போவார். 1932 ஜனவரியில ஜோ டேவிஸுக்கு எதிரா லண்டன்ல ஒரே மூச்சில 4,137. உடனே விதியை மாத்தினாங்க. குறிப்பிட்ட புள்ளிக்கு ஒரு தடவை வெள்ளை மேஜைக் கோட்டைத் தாண்டியே ஆகணும். அதே 1932 கடைசியில கிரிக்கெட்ல பிராட்மேனை அடக்க பாடிலைன் போட்டாங்க. ரெண்டு ஆஸ்திரேலியர்களை அடக்க ரெண்டு வழி! ஆனா பில்லியர்ட்ஸ்ல காலம் கடந்துடுச்சு. ஜனங்க ஸ்னூக்கர் பக்கம் போயிட்டாங்க. அதுலயாவது கலர் மாறுதே.

(பில்லியர்ட்ஸ் அப்படியே செத்துடலை. அதை விடாமப் பிடிச்சுக்கிட்டது நம்ம நாடு. 1958ல கல்கத்தாவில வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டம் ஜெயிச்சார். 1992ல கீத் சேத்தி உலகத் தொழில்முறைப் போட்டியில 1,276 எடுத்தார்.)

ஸ்ட்ரெய்ட் பூலுக்கும் அதே விதி. ஒருத்தர் 150 பந்து வரிசையாப் போட, இன்னொருத்தர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஆட்டத்தை டிவியில யார் பார்ப்பாங்க? இந்த மாத்தத்தை ரெண்டு சினிமாவில கண்ணால பார்க்கலாம். 1961ல வந்த 'தி ஹஸ்லர்' படத்துல பால் நியூமன் ஆடுறது ஸ்ட்ரெய்ட் பூல், அதுக்கு ஆலோசகர் மோஸ்கோனியேதான். 25 வருஷம் கழிச்சு, 1986ல அதே நியூமன் அதே பாத்திரமா 'தி கலர் ஆஃப் மணி'ல வர்றார். அங்கே ஆட்டம் 9 பால். டப்பு டப்புன்னு உடைப்பு, ரெண்டு நிமிஷத்துல ஒரு ஆட்டம் முடிஞ்சிடும்.

9 பால்ல எப்பவும் மேஜையில இருக்கிற சின்ன எண்ணைத்தான் முதல்ல தொடணும். எந்தப் பந்துங்கிற தேர்வு போயிடுச்சு. எப்படிப் போறதுங்கிற தேர்வு மட்டும் மிச்சம். அடுத்த பந்து மேஜையோட அந்தக் கோடியில இருந்தா வெள்ளை ஓடித்தான் ஆகணும். அதனால பார்க்க அழகா இருக்கு. நாம பார்லர்ல ஆடுற 8 பால் நடுவாந்திரம். கோடு போட்டதா, முழுக் கலரான்னு உடைச்ச பிறகு தேர்ந்தெடுக்கிறோம் பாருங்க, அங்கேயே பாதி ஆட்டம் முடிவாகிடுது. எதுல நிறையப் பந்து குழிக்குப் பக்கத்துல இருக்குன்னு பார்க்கிறது வழக்கம். எதுல ஒட்டிக்கிட்டுக் கிடக்கிற பந்து குறைவு, கறுப்பு எட்டுக்கு முந்தின பந்தா எதை வச்சுக்கலாம்னு பார்த்தா கியோ சந்தோஷப்படுவார்.

ஒரு கோணத்துல பார்த்தா, 1932ல விதியை மாத்தினவங்க செஞ்சது சரிதான். பார்க்க ஆள் இல்லாத ஆட்டம் எத்தனை நாள் உயிரோட இருக்கும்? ஆனா எனக்கு மனசு ஒப்பலை. திறமை கண்ணுக்குத் தெரியலைங்கிறது திறமைசாலியோட குத்தமா, பார்க்கிறவனோட குத்தமா? லிண்ட்ரம் ஆட்டத்தைப் பார்த்துச் சலிச்சவங்கள்ல எத்தனை பேர் வெள்ளையைப் பார்த்திருப்பாங்க? நம்ம வீட்டுலயும் ஆபீஸ்லயும் பிரச்சனை வந்த பிறகு ஓடி ஓடித் தீர்க்கிறவருக்குத்தான் மாலை. வராமலே பார்த்துக்கிறவருக்கு "அவருக்கென்ன, வேலையே இல்லை"ங்கிற பேர்.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை எங்கேயாவது பூலோ ஸ்னூக்கரோ ஓடினா, குழிக்குப் போற பந்தை விட்டுடுங்க. அது எப்படியும் விழத்தான் போகுது. வெள்ளையை மட்டும் பத்து நிமிஷம் பாருங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி அது எங்கே போய் நிக்கும்னு மனசுக்குள்ள ஒரு இடம் சொல்லி வச்சுக்குங்க. பத்துக்கு மூணு சரியா வந்தாலே அப்புறம் உங்களால சேனல் மாத்த முடியாது.

டிஸ்கி: கோலியில எங்க ஊர் விதியைத்தான் மேலே சொல்லியிருக்கேன். ஊருக்கு ஊர் மாறும்னு தெரியும், உங்க ஊர் விதியைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. கேரம்லயும் பொசிஷன் உண்டுன்னு சண்டைக்கு வர்ற அண்ணாச்சிகளுக்கு: உண்டுதான், ஆனா அது காய்களோட பொசிஷன், ஸ்ட்ரைக்கரோடது இல்லை :-)